பசுமை வளையமும் ஒரு கிராமச் சங்கத்தின் பதில் கடிதமும்

லண்டனை விட்டு ரயிலில் கொஞ்ச நேரம் வெளியே போனால் வரும் சர்ரே, ஹார்ட்ஃபர்ட்ஷயர் கிராமங்களில், சாலையோர வேலிகளில் தட்டிகள் கட்டியிருப்பதைப் பார்க்கலாம். ‘எங்கள் பசுமை வளையத்தில் கை வைக்காதே’ என்பதுதான் பெரும்பாலும் செய்தி. நகரத்தைச் சுற்றி, கட்டடம் வராமல் காக்கப்படும் நிலம்தான் பசுமை வளையம். தட்டிக்குப் பின்னால் ஒரு கிராமச் சங்கம் இருக்கும். அதிகாரம் எதுவும் இல்லாத, சந்தா கட்டிச் சேர்ந்த ஊர்க்காரர்களின் கூட்டம். ஓய்வுபெற்ற பொறியாளர் ஒருவர், பள்ளிக்கூடத்தில் வேலை பார்த்தவர் ஒருவர், வரைபடம் படிக்கத் தெரிந்தவர் ஒருவர் என்று சிலர் கமிட்டியில் இருப்பார்கள்.

தட்டி கட்டுவது சுலபம். எங்கே வீடு கட்டலாம் என்று உள்ளூர் கவுன்சில் வெளியிட்ட சில நூறு பக்கத் திட்டத்துக்கு எழுத்தில் பதில் அனுப்புவதுதான் அவர்களுடைய உண்மையான வேலை. எப்படி எழுதினால் அது எடுபடும், எப்படி எழுதினால் வெறும் எண்ணிக்கையாகப் போய்விடும் என்பது புரிய, இங்கிலாந்தில் நிலத்தில் வீடு கட்டும் உரிமை யார் கையில் இருக்கிறது என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

அங்கே ஒரு வயல் உங்கள் பெயரில் இருக்கலாம். அதில் வீடு கட்டும் உரிமை உங்களிடம் இல்லை. 1947-இல் வந்த நகர, நாட்டுப்புறத் திட்டமிடல் சட்டம் அந்த உரிமையை அரசிடம் கொண்டுபோனது. அதிலிருந்து கிட்டத்தட்ட எதைக் கட்டவும் உள்ளூர் கவுன்சிலின் அனுமதி வேண்டும். அனுமதி இல்லாத விளைநிலம் ஹெக்டேருக்குச் சில பத்தாயிரம் பவுண்டுதான் போகும். அதே நிலத்துக்கு வீடு கட்ட அனுமதி கிடைத்தால், தென்கிழக்கு இங்கிலாந்தில் விலை பத்து லட்சம் பவுண்டையும் தாண்டிப் போகிறது. ஒரு கையெழுத்தில் இத்தனை மடங்கு ஏறும் சொத்து வேறு அதிகம் இல்லை. அதனால்தான் கட்டுமான நிறுவனங்கள் பல ஆண்டுகளுக்கு முன்பே விவசாயிகளிடம் ஒப்பந்தம் போட்டு வைத்துக்கொண்டு காத்திருக்கின்றன.

பசுமை வளையம் இந்த அனுமதி முறையின் மேல் வைத்த இன்னொரு பூட்டு. லண்டன் கட்டுப்பாடில்லாமல் நாட்டுப்புறத்துக்குள் பரவிக்கொண்டிருந்த காலத்தில், 1938-இல் ஒரு சட்டம் வந்தது. நகரைச் சுற்றியுள்ள நிலத்தை வெட்டவெளியாகவே பாதுகாக்க உள்ளாட்சிகளுக்கு அது வழி செய்தது. 1944-இல் பேட்ரிக் ஆபர்கிராம்பி போட்ட பெருநகர் லண்டன் திட்டம், நகரைச் சுற்றி ஒரு முழு வளையத்தையே வரைந்து காட்டியது. 1955-இல் வீட்டுவசதி அமைச்சராக இருந்த டங்கன் சாண்டிஸ், மற்ற நகரங்களைச் சுற்றியும் இப்படி வளையம் அமைக்கலாம் என்று உள்ளாட்சிகளுக்குச் சுற்றறிக்கை அனுப்பினார். இன்று இங்கிலாந்தின் நிலப்பரப்பில் சுமார் எட்டில் ஒரு பங்கு, அதாவது ஏறத்தாழ 16 லட்சம் ஹெக்டேர், இந்த வளையங்களுக்குள் இருக்கிறது.

பெயரைக் கேட்டதும் காடு, பூங்கா, பறவைகள் என்று நினைக்கத் தோன்றும். வளையத்துக்குள் அவையும் உண்டு. வேலி போட்ட தனியார் வயல், குதிரை மேயும் புல்வெளி, கோல்ஃப் மைதானம், கைவிட்ட விமான ஓடுதளம் எல்லாமும் உண்டு. பொதுமக்கள் உள்ளே நடக்கும் உரிமைகூடப் பல இடங்களில் கிடையாது. ஒரு நிலத்தை வளையத்துக்குள் வைத்திருப்பதற்கு அரசு சொல்லும் நோக்கங்கள் ஐந்து: பெரிய நகரம் கட்டுக்கடங்காமல் பரவுவதைத் தடுப்பது, பக்கத்துப் பக்கத்து நகரங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளாமல் பார்ப்பது, நாட்டுப்புறத்தைக் கட்டடங்கள் விழுங்காமல் காப்பது, வரலாற்று நகரங்களின் சுற்றுப்புறத்தையும் தனித்தன்மையையும் காப்பது, நகரத்துக்குள் பாழாய்க் கிடக்கும் இடங்களை மறுபடி பயன்படுத்தத் தூண்டுவது.

இந்த ஐந்தில் அழகு இல்லை. வண்ணத்துப்பூச்சி இல்லை. என் வீட்டுச் சன்னலிலிருந்து தெரியும் குன்று இல்லை. 2020-இல் யார்க்ஷயர் கல்குவாரி வழக்கு ஒன்றில் உச்ச நீதிமன்றமும், வளையத்தின் ‘வெட்டவெளித் தன்மை’ என்பது கண்ணுக்குத் தெரியும் காட்சியைப் பற்றியதாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை என்று சொன்னது. கிராமச் சங்கத்துக்கு வரும் புதியவர் முதலில் தடுமாறுவது இங்கேதான். ‘இவ்வளவு அழகான இடத்தில் எப்படிக் கட்டலாம்?’ என்று நான்கு பக்கம் எழுதுவார். படிக்கும் அதிகாரிக்கு அது பசுமை வளையம் பற்றிய பதிலாகவே தெரியாது. நிலக்காட்சிக்கென்று வேறு பாதுகாப்புகள் இருக்கின்றன. அவற்றின் கீழ் வாதாடினால்தான் அந்த நான்கு பக்கத்துக்கும் உயிர் வரும்.

சரி, பூட்டை எப்படித் திறக்கிறார்கள்? இரண்டு வாசல் உண்டு. ஒருவர் குறிப்பிட்ட நிலத்தில் கட்ட விண்ணப்பம் போடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். நிலம் வளையத்துக்குள் இருந்தால், பொதுவாக ‘மிகச் சிறப்பான சூழ்நிலை’ இருப்பதை அவர் நிரூபிக்க வேண்டும். கடினமான வாசல் இது. இன்னொன்று, கவுன்சிலே தன் லோக்கல் பிளானை, அதாவது அடுத்த பதினைந்து ஆண்டுகளுக்கோ இன்னும் கூடுதலாகவோ எங்கே என்ன கட்டலாம் என்று சொல்லும் உள்ளூர்த் திட்டத்தைப் புதுப்பிக்கும்போது, வளையத்தின் எல்லைக் கோட்டையே நகர்த்திவிடுவது. அதற்கு ‘விதிவிலக்கான சூழ்நிலை’ போதும். கேட்க இரண்டும் ஒன்றுபோல இருந்தாலும், இரண்டாவது அளவுகோல் தளர்வானது என்று உயர் நீதிமன்றமே சொல்லியிருக்கிறது.

அப்படிச் சொன்ன வழக்கு கில்ட்ஃபோர்ட் பக்கத்திலிருந்து வந்தது. சர்ரே கவுண்டியில் இருக்கும் அந்தக் கவுன்சிலின் நிலத்தில் பத்தில் ஒன்பது பங்கு பசுமை வளையத்துக்குள் இருந்தது. அங்கே ஓக்கம் என்றொரு சின்னக் கிராமம். தேவையில்லாத அனுமானங்களை வெட்டி எறி என்று சொன்னவராக இன்றும் மேற்கோள் காட்டப்படும் 14-ஆம் நூற்றாண்டுத் தத்துவவாதி வில்லியம் பிறந்த ஊர் அதுதான் என்பார்கள். அந்த ஊருக்குப் பக்கத்தில் பழைய விஸ்லி விமான ஓடுதளம் இருக்கிறது. அங்கே இரண்டாயிரம் சொச்சம் வீடுகள் கட்ட வந்த விண்ணப்பம் 2018-இல் அமைச்சர் மட்டம் வரை போய் நிராகரிக்கப்பட்டது. ஊர் கொண்டாடியிருக்கும். மறு ஆண்டு ஏப்ரலில் கில்ட்ஃபோர்ட் கவுன்சில் தன் புதிய லோக்கல் பிளானை ஏற்றுக்கொண்டது. அதில் அதே ஓடுதளம் வளையத்திலிருந்து வெளியே எடுக்கப்பட்டு, வீடுகளுக்கென ஒதுக்கப்பட்டிருந்தது. காம்ப்டன், ஓக்கம் கிராமங்களின் அடிமட்ட உள்ளாட்சிகளான பாரிஷ் கவுன்சில்கள் உயர் நீதிமன்றம் போயின. 2019 டிசம்பரில் வழக்கு தள்ளுபடியானது. 2024-இல் அந்த ஓடுதளத்தில் 1,730 வீடுகளுக்கு மேல்முறையீட்டில் அனுமதி கிடைத்தது.

நிலம் நகரவில்லை, ஊரும் நகரவில்லை. இடையில் மாறியது வரைபடத்தில் ஒரு கோடு மட்டுமே. விண்ணப்பம் வரும் நாளில் கூட்டம் கூட்டி எதிர்ப்பவர்கள், கோடு வரையப்படும் ஆண்டுகளில் எங்கே இருந்தார்கள் என்பதே முடிவைத் தீர்மானிக்கிறது. ஓக்கம்காரர்கள் அந்த ஆண்டுகளிலும் விழித்துத்தான் இருந்தார்கள், ஆனாலும் தோற்றார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். சீக்கிரம் போனால் வெற்றி நிச்சயம் என்று யாரும் வாக்குக் கொடுக்க முடியாது. தாமதமாகப் போனால் பேச்சுக்கே இடமில்லை என்பது மட்டும் உறுதி.

கோடு வரையும் வேலை பல படிகளில் நடக்கும். முதலில் கவுன்சில் நில உரிமையாளர்களைப் பார்த்து, ‘வீடு கட்ட எந்த நிலம் தருவீர்கள்?’ என்று கேட்கும். ஊருக்குள் யாருக்கும் தெரியாமல் பாதி விஷயம் இங்கேயே நடந்துவிடும். அந்தப் பட்டியல் பொது ஆவணம்தான். சங்கத்தில் ஒருவர் அதைத் தேடிப் பார்த்தாலே அடுத்த ஐந்து ஆண்டுச் சண்டை எங்கே வரும் என்று தெரிந்துவிடும். அப்புறம் கவுன்சில் வெவ்வேறு வாய்ப்புகளை முன்வைத்துக் கருத்துக் கேட்கும். 2012 விதிகளில் 18-ஆம் விதியின் கீழ் வருவதால் அதை ‘ரெக் 18’ என்பார்கள். எழுதிய மை இன்னும் காயாத கட்டம் இது. ‘இந்த வயலுக்குப் பதில் ரயில் நிலையத்துக்குப் பின்னால் இருக்கும் பழைய கிடங்கைப் பாருங்கள்’ என்று சொன்னால் கேட்க ஆள் இருக்கும்.

அடுத்தது 19-ஆம் விதி. கவுன்சில் தன் முடிவான வரைவை வெளியிட்டு, குறைந்தது ஆறு வாரம் கருத்துக்கு விடும். பெரும்பாலான ஊர்க்காரர்கள் விழித்துக்கொள்வது இங்கேதான். ஆனால் இப்போது கேள்வி மாறிவிட்டது. ‘இந்தத் திட்டம் உங்களுக்குப் பிடித்திருக்கிறதா?’ என்று யாரும் கேட்கவில்லை. திட்டம் சட்டப்படி தயாரானதா, தேவைக்கு ஈடு கொடுக்கிறதா, ஆதாரங்களின் மேல் நிற்கிறதா, நடைமுறைக்கு வருமா, தேசியக் கொள்கையோடு ஒத்துப்போகிறதா என்பவைதான் கேள்விகள். வந்த கருத்துகளோடு திட்டம் மத்திய அரசின் திட்டமிடல் ஆய்வு அமைப்புக்குப் (பிளானிங் இன்ஸ்பெக்டரேட்) போகும். அங்கிருந்து வரும் இன்ஸ்பெக்டர் பொது விசாரணை நடத்துவார். திட்டத்தில் மாற்றம் கேட்டு 19-ஆம் விதிக் கட்டத்தில் எழுதியவர்களுக்கு அந்த விசாரணையில் உட்கார்ந்து பேசும் உரிமை உண்டு. எழுதாமல் விட்டவர்களுக்கு அது கிடையாது. இன்ஸ்பெக்டர் அழைத்தால் உண்டு. எனவே சரியான பெட்டியை டிக் செய்து, ‘விசாரணையில் கலந்துகொள்ள விரும்புகிறோம்’ என்று எழுதுவது, ஐந்நூறு பேர் கையெழுத்து வாங்குவதைவிடப் பயனுள்ளது. 2023-இல் வந்த சட்டம் இந்த நடைமுறையைச் சுருக்கி 30 மாதத்துக்குள் திட்டம் போடும் முறைக்கு மாற்றுகிறது. படிகளின் பெயரும் எண்ணும் அதனால் மாறும். முதலில் நுழைபவருக்கே அதிக இடம் என்பதில் மாற்றம் இருக்காது.

இனி கடிதம். ஒரே வாசகத்தை அச்சடித்து ஆயிரம் பேர் கையெழுத்துப் போட்டு அனுப்பினால், இன்ஸ்பெக்டர் மேசையில் அது ஒரே ஒரு வாதமாகத்தான் போய் உட்காரும். இது ஓட்டெடுப்பு அல்ல. வீட்டு விலை இறங்கும் என்பது செல்லாது. என் வீட்டிலிருந்து தெரியும் காட்சி போய்விடும் என்பதும் செல்லாது. வெள்ளம், கழிவுநீர், பள்ளியில் இடம், பழைய தேவாலயத்தின் சுற்றுப்புறம் ஆகியவை செல்லும். சாலை நெரிசல் செல்லும்தான், ஆனால் பாதிப்பு ‘கடுமையாக’ இருக்கும் என்று காட்ட வேண்டும். காலை எட்டரை மணிக்குப் பாலத்தில் ஏற்படும் நெரிசலைப் பற்றிப் புலம்புவதைவிட, வாகனங்களை எண்ணி எழுதியது பேசும். போன மழையில் எந்த வயலில் எத்தனை நாள் தண்ணீர் நின்றது என்று தேதி போட்ட புகைப்படம் இருந்தால் இன்னும் நன்றாகப் பேசும். கவுன்சில் அமர்த்திய ஆலோசகர் ஒரு நாள் வந்து பார்த்துவிட்டுப் போயிருப்பார். ஊர்க்காரருக்குத்தான் அந்த வயலின் நாற்பது வருடச் சரித்திரம் தெரியும். சங்கத்தின் உண்மையான சொத்து இதுதான். பல சங்கங்கள் இதை விட்டுவிட்டுக் கொள்கை விளக்கத்தில் இறங்கிவிடுவது எனக்கு எப்போதும் ஆச்சரியம்.

கவுன்சிலின் பசுமை வளைய ஆய்வறிக்கை என்று ஒன்று இருக்கும். நிலத்தைத் துண்டு துண்டாகப் பிரித்து, ஒவ்வொன்றும் மேலே சொன்ன நோக்கங்களுக்கு எவ்வளவு உதவுகிறது என்று மதிப்பெண் போட்டிருப்பார்கள். நல்ல கடிதம் அந்த அறிக்கையைத் திறந்து, தன் ஊர்த் துண்டின் எண்ணைக் குறிப்பிட்டு, ‘இங்கே நீங்கள் எல்லையாகக் காட்டும் வேலி பத்து வருடம் முன்பே போய்விட்டது, இந்தத் துண்டை இரண்டாகப் பிரித்திருந்தால் மதிப்பெண் மாறியிருக்கும்’ என்று பேசும்.

கிராமமே வளையத்துக்குள் இருக்கிறதா, வெளியே இருக்கிறதா என்பதும் பார்க்க வேண்டியது. சில கிராமங்களின் மேல் வளையம் போர்வைபோல மூடிக் கிடக்கும். வீடுகள், தெரு எல்லாமே உள்ளே. சில கிராமங்களை மட்டும் ஓட்டை போட்டதுபோல வெளியே விட்டு, சுற்றி வளையம் ஓடும். கில்ட்ஃபோர்டின் 2019 திட்டம், ரிப்ளி, செண்ட் உட்படப் பல கிராமங்களை முதல் வகையிலிருந்து இரண்டாம் வகைக்கு மாற்றியது. பெரிய வீட்டுத்திட்டம் எதுவும் வராவிட்டாலும், தோட்டத்துக்குள் இன்னொரு வீடு, பழைய வீட்டை இடித்து இரண்டு வீடு என்று ஊரின் உருவம் அப்புறம் மெல்ல மாறலாம்.

‘அப்படியானால் திட்டமே வராமல் தடுத்துவிட்டால்?’ என்று சிலர் நினைப்பதுண்டு. கவுன்சிலர்களும் தேர்தலுக்குப் பயந்து திட்டத்தை இழுத்தடித்த ஊர்கள் உண்டு. விளைவை ஹார்ட்ஃபர்ட்ஷயரின் கோல்னி ஹீத் கிராமத்தில் பார்க்கலாம். செயின்ட் ஆல்பன்ஸ், வெல்வின் ஹாட்ஃபீல்ட் என்ற இரண்டு கவுன்சில்களின் எல்லையில் இருக்கிறது அந்த ஊர். 2021-இல் முதல் கவுன்சிலிடம் இருந்த திட்டம் 1994-இல் போட்டது, மற்றதிடம் இருந்த திட்டம் 2005-இல் போட்டது. ஐந்து ஆண்டுக்குப் போதுமான வீட்டு நிலம் அப்போது இரண்டிடமும் இருக்கவில்லை. புல்லன்ஸ் கிரீன் லேனில் பசுமை வளைய வயலில் 100 வீடுகளுக்கு விண்ணப்பம் வந்தது. 2021 ஜூனில் மேல்முறையீட்டு இன்ஸ்பெக்டர் அனுமதித்தார். வீட்டுப் பற்றாக்குறையும், அந்தத் திட்டத்தில் கிட்டத்தட்டப் பாதி சலுகை விலை வீடுகளாக இருந்ததும் ‘மிகச் சிறப்பான சூழ்நிலை’யாகக் கணக்கில் வந்தன. கடினமான வாசல் என்று மேலே சொன்னேனே, புதுப்பித்த திட்டம் இல்லாத ஊரில் அதுவும் திறந்துகொள்கிறது. எங்கே கட்டுவது என்பதைக் கவுன்சில் சொல்லாவிட்டால், கட்டுகிறவர்களே சொல்லிவிடுவார்கள்.

2024 டிசம்பரில் விதிகள் இன்னும் மாறின. ஐந்து ஆண்டில் 15 லட்சம் வீடுகள் என்ற இலக்கோடு வந்த லேபர் அரசு, தேசியக் கொள்கையில் ‘கிரே பெல்ட்’ என்ற புதிய வகையைச் சேர்த்தது. சில நிபந்தனைகள் நிறைவேறினால், இந்த வகை நிலத்தில் கட்ட ‘மிகச் சிறப்பான சூழ்நிலை’யை நிரூபிக்க வேண்டியதில்லை. வளையத்துக்குள்ளேயே ஏற்கெனவே கட்டடம் இருந்த நிலமும், மூன்று நோக்கங்களுக்கு வலுவாக உதவாத மற்ற நிலமும் அதில் அடங்கும். அந்த மூன்று: நகரம் பரவாமல் தடுப்பது, நகரங்கள் ஒட்டாமல் பார்ப்பது, வரலாற்று நகரங்களைக் காப்பது. நாட்டுப்புறத்தைக் கட்டடங்கள் விழுங்காமல் காப்பது என்ற நோக்கம் இந்தப் பட்டியலில் இல்லை. ஒரு கிராமத்து வயல் இயல்பாகவே நிறைவேற்றும் நோக்கம் அது ஒன்றுதான்.

2025 பிப்ரவரியில் வந்த அரசு வழிகாட்டுதல் இன்னும் வெளிப்படையாகச் சொன்னது: ‘பெரிய கட்டடப் பகுதி’ என்பதில் கிராமம் சேராது, ஒட்டிக்கொள்ளக் கூடாது என்பது நகரங்களுக்குத்தான், கிராமங்களுக்கு அல்ல. ‘எங்கள் ஊருக்கும் பக்கத்து ஊருக்கும் நடுவே இருக்கும் இடைவெளியைக் காப்பாற்றுங்கள்’ என்பது கிராமச் சங்கங்கள் காலங்காலமாக எழுதிவந்த முதல் வரி. கிரே பெல்ட் வாதத்தில் அந்த வரி இப்போது அவ்வளவாக நிற்காது. இடைவெளியைக் காக்க வேறு பிடி தேட வேண்டும். லோக்கல் பிளானிலேயே தனிக் கொள்கையாக அதை எழுதவைக்கலாம். ஊருக்கு மிக நெருக்கமான சின்னத் திடல்களை ‘உள்ளூர்ப் பசுமையிடம்’ என்று அறிவிக்கச் சொல்லலாம். கிரே பெல்ட்டில் கட்ட வருபவருக்கும் நிபந்தனைகள் உண்டு. வழக்கத்தைவிட அதிகப் பங்கு சலுகை விலை வீடு, சாலை, பள்ளி போன்ற வசதிகள், பொதுமக்களுக்குத் திறந்த பசுமையிடம், போக்குவரத்து வசதியுள்ள இடம். பேருந்து நாளுக்கு மூன்று முறை மட்டும் வரும் ஊரில் கடைசி நிபந்தனையே சங்கத்தின் வலுவான பிடியாகலாம்.

இவ்வளவும் சொல்லிவிட்டு, எதிர்த்தரப்பையும் சொல்லாமல் விட முடியாது. வளையத்துக்குள் சொந்த வீட்டோடு இருப்பவர்கள், தங்கள் வீட்டு மதிப்பைக் காக்க இளையவர்களின் வீட்டுக் கனவைத் தடுக்கிறார்கள் என்ற குற்றச்சாட்டு வெறும் பழிச்சொல் அல்ல. லண்டனில் வாடகை கொடுத்தே ஓய்ந்துபோன நம் தமிழ்க் குடும்பங்கள் பலவும் அந்த வரிசையில்தான் நிற்கின்றன. கடிதத்தில் ‘எங்கும் வேண்டாம்’ என்று மட்டும் எழுதும் சங்கத்தை இன்ஸ்பெக்டர் எளிதாக ஓரம் தள்ளிவிடலாம் என்பது ஒரு பக்கம். அப்படி எழுதுவது நியாயமும் இல்லை என்பது என் எண்ணம். ‘இருபது வீடு இங்கே வரட்டும், அதில் பாதி ஊர்ப் பிள்ளைகள் வாங்கக்கூடிய விலையில் இருக்கட்டும், இந்த வெள்ள வயலை மட்டும் விட்டுவிடுங்கள்’ என்று எழுதும் சங்கத்தோடு பேச வேண்டிய கட்டாயம் கவுன்சிலுக்கு வரும்.

இப்படி முன்வந்து சொல்ல, 2011 சட்டம் ஒரு கருவியையும் கொடுத்திருக்கிறது. பாரிஷ் கவுன்சில் என்பது தேர்தலில் வந்த, கொஞ்சம் வரிப்பணமும் உள்ள அடிமட்ட உள்ளாட்சி. கிராமச் சங்கம் வேறு, அது வேறு. பாரிஷ் கவுன்சில் தன் ஊருக்கென ஒரு அக்கம்பக்கத் திட்டம் (நெய்பர்ஹுட் பிளான்) தயாரித்து, ஊர் வாக்கெடுப்பில் பெரும்பான்மை பெற்றால், அது சட்ட வலுவுள்ள ஆவணமாகிவிடும். லோக்கல் பிளான் சொல்வதைவிடக் குறைவான வீடு என்று அதில் எழுத முடியாது. எங்கே, எந்த உயரத்தில், எந்த மாதிரி என்று எழுதலாம். கட்டுபவர்களிடம் கவுன்சில் வாங்கும் உள்கட்டமைப்புக் கட்டணத்தில் பாரிஷுக்கு வரும் பங்கும் அதனால் 15 சதவீதத்திலிருந்து 25 சதவீதமாகும். கட்டணம் வசூலிக்கும் கவுன்சில் பகுதிகளில் மட்டும்.

எல்லாம் தோற்றால் நீதிமன்றம் இருக்கிறது. திட்டம் ஏற்கப்பட்டு ஆறு வாரத்துக்குள் போக வேண்டும். சட்டப் பிழை இருக்கிறதா என்று மட்டுமே நீதிபதி பார்ப்பார், முடிவு நல்லதா என்று பார்க்க மாட்டார். சுற்றுச்சூழல் சார்ந்த வழக்குகளில் தோற்கும் அமைப்பு எதிர்த்தரப்புக்குக் கட்ட வேண்டிய செலவுக்குப் பொதுவாக 10,000 பவுண்டு உச்சவரம்பு உண்டு. சொந்த வக்கீல் செலவு தனி. வயல் கைவிட்டுப் போன பிறகும் சங்கத்துக்கு வேலை இருக்கிறது. வீடுகளின் உயரம், மழைநீர் எங்கே போகும், பழைய நடைபாதை அடைபடாமல் இருக்குமா, கட்டுமான லாரி பள்ளி விடும் நேரத்தில் வருமா என்பதெல்லாம் விரிவான விண்ணப்பத்தில்தான் முடிவாகும். அதற்குக் கருத்துச் சொல்லப் பெரும்பாலும் 21 நாள்தான் கிடைக்கும். கமிட்டிக் கூட்டத்தில் பேச வழக்கமாக மூன்று நிமிடம்.